எழுத்துப் பிழையும் வாசிப்புத் தடையும்: பிஆர்சிஏ1 மரபணு ஆய்வின் வரலாறு

தங்கை சுந்தராம்பாளைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த துயரமே, அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனை நிறுவ டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியைத் தூண்டியது. 1954இல் அது செயல்படத் தொடங்கியபோது, டி.என்.ஏ.வின் இரட்டைச் சுருள் அமைப்பு வெளியாகி ஓராண்டே கடந்திருந்தது. ஒரே குடும்பத்துப் பெண்களிடம் மார்பகப் புற்று தொடர்வது ஏன் என்னும் வினாவுக்கு அன்று விடை இல்லை.

கட்டியை ஒடுக்கும் மரபணுவின் இரு படிகளும் பழுதுற்றாலே புற்று தோன்றும் என்னும் கருத்துக்கு அடித்தளமிட்டவர் ஆல்ஃபிரட் நுட்சன். விழித்திரைப் புற்றுற்ற 48 பேரின் விவரங்களைக் கொண்டு 1971இல் அவர் இதனை முன்வைத்தார். மார்பகப் புற்றுக்குரிய மரபணுவொன்று 17ஆம் குரோமோசோமில் உள்ளதென 1990இல் மேரி-கிளேர் கிங் காட்டினார். 1994இல் பிஆர்சிஏ1 பிரித்தறியப்பட்டது.

அதன்பின் எழுந்த புதிரே ஆய்வாளரை வேறு திசைக்குத் திருப்பியது. குடும்ப வரலாறு இல்லாத பெண்களின் கட்டிகளில் இம்மரபணுவில் பிழை அரிதாகவே காணப்பட்டது. எனினும் அவற்றுள் பலவற்றில் அதன் வெளிப்பாடு குன்றியிருந்தது. 1997 முதல் வெளிவந்த ஆய்வுகள் ஒரு காரணத்தைச் சுட்டின. மரபணுவின் தொடக்கத்திலுள்ள முன்னியக்கிப் பகுதியில், சைட்டோசின் மூலங்களின்மீது மெத்தில் தொகுதிகள் ஏறிவிடுகின்றன. அப்பகுதி இறுகிப் படியெடுப்பு நின்றுவிடுகிறது. சுவடிப் பதிப்பில் பழகியோர்க்கு இது எளிதில் விளங்கும்: ஏட்டில் ஓர் எழுத்தும் சிதையவில்லை, கட்டுத்தான் அவிழ்க்கப்படவில்லை.

இவ்வேறுபாடு ஆய்வுக்கூடத்துக்குள் அடங்குவதன்று. சென்னையில் பெண்களுக்கு வரும் புற்றுகளுள் ஒருகாலத்தில் கருப்பைவாய்ப் புற்றே முதலிடம் வகித்தது. பின்னர் மார்பகப் புற்று அதனை முந்தியது. அடையாறு நிறுவனம் 1980களிலிருந்து நடத்திவரும் பதிவேடு இம்மாற்றத்துக்குச் சான்று. குடும்பப் பரிசோதனையோ குருதியில் எழுத்துப் பிழையைத் தேடுவது. கட்டியில் மட்டும் மரபணு அடக்கப்பட்டிருந்தால் அச்சோதனை அதனைக் காட்டாது. ஆகவே 'பிழை இல்லை' என்னும் அறிக்கையைக் கட்டியில் மரபணு இயங்குகிறது எனக் கொள்வது தவறு. இத்தகைய அடக்கம் பெரும்பாலும் தாயிடமிருந்து மகளுக்குச் செல்வதும் இல்லை. நோயுற்றவளின் குடும்பத்தையே குறைகூறும் வழக்கமுள்ள சமூகத்தில் இது எடுத்துரைக்கப்பட வேண்டிய செய்தி.

மெத்தில் ஏற்றம் மீளக்கூடியது என்பதை நற்செய்தியாக மட்டும் கொள்வதற்கில்லை. பிஆர்சிஏ1 செயலிழந்த செல்களால் டி.என்.ஏ. முறிவைச் செம்மையாகச் சீர்செய்ய இயலாது. ஓலாபரிப் போன்ற மருந்துகள் அக்குறையையே பயன்படுத்துகின்றன. சிகிச்சையின்போது மெத்தில் நீங்கி மரபணு மீண்டும் இயங்கினால், கட்டி அம்மருந்துக்கு அடங்காமல் தப்பிவிடுகிறது.