சின்சில்லா முயல் வளர்ப்பு

சின்சில்லா முயல் என்பது இறைச்சிக்கும் உரோமத்துக்கும் வளர்க்கப்படும் வீட்டு முயல் இனங்களின் ஒரு தொகுதி. தென் அமெரிக்காவின் அந்தீஸ் மலைகளில் வாழும் சின்சில்லா என்ற கொறிவிலங்கின் நிறத்தை ஒத்த உரோமம் இதற்கு உண்டு; அவ்விலங்குக்கும் முயலுக்கும் இனத்தொடர்பு இல்லை. தமிழ்நாட்டு முயல் பண்ணைகளில் பரவலாகக் காணப்படுவது இத்தொகுதியைச் சேர்ந்த சோவியத் சின்சில்லா இனமாகும்.

தோற்றமும் பரவலும்

முதல் சின்சில்லா முயல்களைப் பிரான்சில் டிபோவ்ஸ்கி என்பவர் உருவாக்கி 1913இல் கண்காட்சியில் வைத்தார். சோவியத் ஒன்றியத்தில் இம்முயல் வெள்ளை ஜயன்ற் இனத்துடன் கலக்கப்பட்டு, உடல் பெருத்த சோவியத் சின்சில்லா தோன்றியது. ராஜஸ்தானின் அவிகாநகரில் உள்ள மத்திய செம்மறி ஆடு மற்றும் உரோம ஆராய்ச்சி நிலையம் வழியாக இது இந்தியாவில் பரவியது. அந்நிலையத்தின் தென்மண்டல மையம் கொடைக்கானல் மலையில் மன்னவனூரில் இயங்குகிறது. கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,000 மீற்றர் உயரத்திலுள்ள அம்மையம், இனவிருத்திக்கான முயல்களை விவசாயிகளுக்கு வழங்கிவருகிறது.

வளர்ந்த முயல் 4 முதல் 5 கிலோகிராம் நிறை கொண்டது. உரோமத்தை வாயால் ஊதி விலக்கினால் அடியில் கருநீலச் சாம்பல், நடுவில் வெளிர் சாம்பல், நுனியில் கறுப்பும் வெள்ளையுமாக வளையங்கள் தெரியும். கண்காட்சி நடுவர்கள் உரோமத்தின் தரத்தைப் பார்ப்பது இப்படித்தான்.

தட்பவெப்பமும் இருப்பிடமும்

முயலுக்கு உகந்த வெப்பநிலை 15 முதல் 25 பாகை செல்சியஸ். வியர்த்து உடலைக் குளிர்விக்க அதனால் இயலாது. காதுகளின் இரத்த நாளங்கள் வழியாகவே வெப்பத்தை வெளியேற்றுகிறது. வெப்பம் தொடர்ந்து 30 பாகைக்கு மேல் இருந்தால் ஆண் முயலின் விந்தணுத் தரம் குறைந்து, மீளப் பல வாரங்கள் ஆகும்.

இலங்கையின் கண்டி–யாழ்ப்பாண ஏ9 வீதியில், மாத்தளை நகருக்கு வடக்கே சுமார் 3 கிலோமீற்றரில் உள்ள அலுவிகாரை போன்ற ஊர்களில் இரண்டு இடர்கள் உள்ளன. மார்ச், ஏப்ரல் மாதங்களில் பகல் வெப்பம் 30 பாகையைத் தாண்டும். ஒக்டோபர் முதல் பெய்யும் மழையில் கூடு ஈரமாகும். எனவே மன்னவனூர் மலைக்குளிரில் நல்ல பலன் தந்த முறையை இங்கே அப்படியே பின்பற்ற முடியாது. கூடு மரநிழலில், கிழக்கு–மேற்காக நீண்டு, காற்றோட்டத்துடன் அமைய வேண்டும். வெறும் தகரக் கூரை ஆகாது. கிடுகு அல்லது ஓடு நல்லது. தகரம்தான் உண்டென்றால் அதன்மேல் கிடுகு பரப்பலாம்.

ஆண் முயலுக்கு 4 சதுர அடி, தாய் முயலுக்கு 5 சதுர அடி, குட்டி ஒன்றுக்கு 1.5 சதுர அடி இடம் தேவை. கம்பிவலைத் தரையில் சிறுநீரும் புழுக்கையும் தங்காது. ஆனால் பாரமான இந்த இனத்துக்கு வலை உறுத்திப் பின்னங்கால் புண்ணாகும் என்பதால், ஒரு மூலையில் இளைப்பாறப் பலகைத் துண்டு வைப்பது வழக்கம். கூட்டின் கால்களைத் தண்ணீர் ஊற்றிய பேணிகளில் நிறுத்தினால் எறும்பு ஏறாது; பிறந்த குட்டிகளை எறும்பு கொன்றுவிடும். நாய், மரநாய், பாம்பு, எலி புகாதபடி வலையின் கண் சிறிதாக இருக்க வேண்டும்.

தீவனம்

வளர்ந்த ஆண் முயலுக்கு நாளொன்றுக்கு அடர் தீவனம் 100 கிராமும் பசுந்தீவனம் 250 கிராமும், சினை முயலுக்கும் பாலூட்டும் முயலுக்கும் இரண்டிலும் 150 கிராம் வீதமும் தமிழ்நாட்டில் பரிந்துரைக்கப்படுகின்றன. முள்முருக்கு இலை, அகத்தி, கினிப்புல் ஆகியவை மாத்தளைத் தோட்டங்களில் எளிதாகக் கிடைப்பவை. மழையில் நனைந்த இலையை உலர்த்தியே கொடுக்க வேண்டும். முயல் தன் மென்புழுக்கையை உடலிலிருந்தே நேராக வாயில் எடுத்து உண்ணும். இது நோயன்று, குடல் நுண்ணுயிர்கள் உண்டாக்கிய பி வகை விற்றமின்களும் புரதமும் இப்படித்தான் அதற்குக் கிடைக்கின்றன.

இனப்பெருக்கம்

பெண் முயல் 5 அல்லது 6 மாதத்தில் இணை சேரத் தகுதி பெறுகிறது. எப்போதும் பெண்ணையே ஆணின் கூட்டுக்குக் கொண்டு செல்ல வேண்டும். மாற்றிச் செய்தால் பெண் தன் இடத்தைக் காக்க ஆணைக் கடித்துவிடும். இணைந்து முடிந்ததும் ஆண் பக்கவாட்டில் சரிந்து விழும். இணைசேர்ந்த பின்னரே கருமுட்டை வெளிப்படுவதால் முயலுக்கு மாடு, ஆடு போன்ற குறித்த பருவச் சுழற்சி இல்லை. 12 முதல் 14ஆம் நாளில் அடிவயிற்றை மெல்லத் தடவினால் கருக்கள் சிறு திராட்சை போலத் தட்டுப்படும்.

சினைக்காலம் 30 முதல் 32 நாள். 28ஆம் நாளில் வைக்கோல் இட்ட பெட்டியைக் கூட்டினுள் வைத்தால், தாய் தன் வயிற்று உரோமத்தைப் பிடுங்கி மெத்தை அமைக்கும். ஓர் ஈற்றில் பொதுவாக 6 முதல் 8 குட்டிகள். அவை உரோமமின்றிக் கண்மூடிப் பிறந்து, 10 முதல் 12 நாளில் கண் திறக்கும். தாய் நாளுக்கு ஒருமுறை மட்டும், சில நிமிடங்களே பால் கொடுக்கும். புதிதாக வளர்ப்போர் இதைக் கண்டு தாய் குட்டிகளைக் கைவிட்டதென எண்ணுவதுண்டு. குட்டிகளின் வயிறு உப்பியிருந்தால் பால் குடித்தவை என்று பொருள். 6 வாரத்தில் பிரித்துத் தாயை உடனே இணை சேர்த்தால் ஆண்டுக்கு 5 ஈற்று கிடைக்கும். கடும் வெயில் மாதங்களில் இணை சேர்க்காமல் விடுவதே நல்லது.

ஓர் ஆணுக்கு 5 பெண்வரை வைக்கலாம். பிறந்த குட்டியை மீண்டும் தந்தையுடன் சேர்க்காதிருக்க, ஒவ்வொரு கூட்டிலும் இணை சேர்த்த நாள், ஈன்ற நாள், தந்தை முயல் ஆகிய விபரங்களை அட்டையில் எழுதித் தொங்கவிடுவர்.

நோய்கள்

ஈரமும் அழுக்கும் சேர்ந்தால் கொக்சிடியா ஒட்டுண்ணியால் குட்டிகளுக்குக் கழிச்சல் காண்கிறது. காதில் தடித்த பொருக்கு படிவது சொறிப்பூச்சியின் அடையாளம். மூக்கொழுகலும் தும்மலும் நெருக்கடியான, காற்றில்லாத கூடுகளில் பரவும். பெனிசிலின் வகை மருந்துகளை வாய்வழி கொடுத்தால் முயலின் குடல் நுண்ணுயிர்கள் அழிந்து அது இறக்கக்கூடும். மிருக வைத்தியரைக் கேளாமல் எந்த மருந்தும் கொடுக்கக் கூடாது.

இலங்கையில்

இலங்கைக் காடுகளிலும் புல்வெளிகளிலும் வாழும் குழிமுயல் வேறு பேரினத்தைச் சேர்ந்தது. அதன் குட்டிகள் உரோமத்துடன் கண்திறந்தே பிறக்கின்றன. அது வீட்டு முயலுடன் கலந்து இனம்பெருக்காது. வெளிநாட்டிலிருந்து இனவிருத்தி முயல்களைக் கொண்டுவர, கால்நடை உற்பத்தி, சுகாதாரத் திணைக்களத்தின் முன் அனுமதி பெற வேண்டும்.