மூலிகையின் பெயரும் மருந்தின் பொருளும்

பாலக்காட்டுக் கணவாயின் இருபுறமும், இடுக்கி மலைச்சாரலின் இருபுறமும் தமிழும் மலையாளமும் நெடுங்காலமாக அடுத்தடுத்து வாழ்ந்து வருகின்றன. சித்தூர், தேவிகுளம், பீர்மேடு ஆகிய வட்டங்களில் வாழும் தமிழர் இவ்விரு மொழிகளோடும் பழகியவர். ஆயினும் அங்கே ஒரு சொல் நம்மைச் சற்றே தயங்க வைக்கும். மலையாளம் பேசுவோரில் பலர் கறிவேப்பிலையைச் சுருக்கமாக வேப்பிலை என்பர்; நமது வேம்பு அவர்களுக்கு ஆரியவேப்பு. சமையலறையில் இது நகைப்புக்கு இடமாகலாம். மருந்துக் குறிப்பிலோ நகைப்போடு முடியாது.

மருத்துவ நூலைப் படித்து, எந்தச் செடி, அதன் எந்த உறுப்பு, எவ்வளவு, எந்த நோய்க்கு என்று பகுத்து எடுப்பதே அந்நூலின் பொருளைக் கையில் கொள்வதாகும். இன்று கணிப்பொறி மென்பொருள்கள் இப்பணியைச் செய்கின்றன. பணி புதிதன்று, கருவியே புதிது.

பதினேழாம் நூற்றாண்டில் கொச்சியில் டச்சுக்காரரின் தளபதியாயிருந்த வான் ரீடு என்பவர் மலையாள நாட்டு மூலிகைகளைத் தொகுக்க முனைந்தார். சேர்த்தலைப் பகுதியின் வைத்தியர் இட்டி அச்சுதன் தம் ஏட்டறிவை எடுத்துரைத்தார். இம்மானுவேல் கார்னைரோ என்ற மொழிபெயர்ப்பாளர் அதனைப் போர்த்துகீசிய மொழியில் தந்தார். முடிவில் அது இலத்தீன் வடிவம் பெற்றது. ரங்க பட்டர், விநாயக பண்டிதர், அப்பு பட்டர் ஆகிய கொங்கணிப் பண்டிதர் மூவரும் துணை நின்றனர். 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் பன்னிரண்டு தொகுதிகளாக வெளிவந்த ‘ஹோர்த்தூஸ் மலபாரிக்கூஸ்’ இதன் பயன். செடிகளின் படங்களில் மலையாளம், அரபு, நாகரி எழுத்துகளிலும் பெயர்கள் பொறிக்கப்பட்டன. மொழிபெயர்ப்பை அலுவலாகக் கொண்ட நாம் இதனைப் பெரிதும் வியக்கிறோம். சொல் ஒவ்வொரு கைமாறும்போதும் சிறிது தேயும், படமோ தேய்வதில்லை. 1753-ஆம் ஆண்டில் தாவரங்களுக்கு இருசொற் பெயர் வகுத்த லின்னேயஸ் இந்நூலையும் ஆதாரமாகக் கொண்டார்.

இனி நம் காலத்துக்கு வருவோம். 1995-ஆம் ஆண்டு, மஞ்சள் கொண்டு புண்ணை ஆற்றும் முறைக்கு அமெரிக்காவில் மிசிசிப்பிப் பல்கலைக்கழக மருத்துவ மையத்திற்குக் காப்புரிமை வழங்கப்பட்டது. நம் வீடுதோறும் அறிந்த மருந்து புதுக் கண்டுபிடிப்பாயிற்று! இந்திய அறிவியல் தொழில் ஆராய்ச்சி மன்றம் பழைய நூற்சான்றுகளைத் திரட்டி வழக்காட, 1997-இல் அவ்வுரிமை நீக்கப்பட்டது. பாட்டியின் வாய்மொழி அன்று அங்கே சான்றாகவில்லை. அச்சேறிய எழுத்தே வேண்டியிருந்தது. அவ்வெழுத்தோ காப்புரிமை அலுவலர் அறியாத மொழிகளில் இருந்தது.

இக்குறையை நீக்கவே 2001-ஆம் ஆண்டில் மரபறிவு மின்னணு நூலகப் பணி தொடங்கியது. ஆயுர்வேதம், யுனானி, சித்தம் முதலிய நூல்களை அறிஞர்கள் படித்து, ஒவ்வொரு மருந்தையும் கூறுகூறாகப் பிரித்துக் குறியீடு இட்டனர். ஒருமுறை இட்ட குறியீட்டிலிருந்து ஆங்கிலம், பிரெஞ்சு, ஜெர்மன், ஸ்பானியம், ஜப்பானியம் ஆகிய ஐந்து மொழிகளிலும் விவரத்தை மென்பொருள் அமைத்துத் தருகிறது. 2009-இல் ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகம் இதனைப் பார்க்கும் வசதி பெற்றது. சித்தர் பாடல்களுக்கு இவ்வாறு குறியீடு இடுவது எளிதன்று. கரிசலாங்கண்ணியே கையாந்தகரை என்றும் வழங்கும்; மலையாளத்தில் அது கய்யோன்னி. இம்மூன்றும் ஒன்றே என அறிந்தவரே ஒரு குறியீட்டின்கீழ் அவற்றை வைக்க இயலும்.

மேலைநாட்டு மருத்துவ எழுத்திலும் இதே சிக்கல் உண்டு. அமெரிக்க தேசிய மருத்துவ நூலகம் 1986-இல் ஒருங்கிணைந்த மருத்துவ மொழி அமைப்பைத் தொடங்கியது. மாரடைப்பு என்ற வழக்குச் சொல்லுக்கும், மருத்துவர் எழுதும் நெடுஞ்சொல்லுக்கும் அதில் ஒரே எண். ‘மெட்டாமேப்’ என்னும் மென்பொருள் கட்டுரைகளைப் படித்து இக்கருத்துகளை இனம் காட்டியது. எனினும், ‘காய்ச்சல் இல்லை’ என்ற வரியில் காய்ச்சலை மட்டும் பற்றிக்கொள்ளும் இயந்திரம், இல்லாத நோயை ஏற்றிவிடும். ஆகவே மறுப்பைக் கண்டறிவதற்கென்றே ‘நெக்எக்ஸ்’ என்ற முறை 2001-இல் வகுக்கப்பட்டது.

இக்கருவிகள் யாவும் எழுத்தை நம்பி நிற்பவை. அட்டப்பாடி இருளரும், இடுக்கி மலைகளின் முதுவரும் மன்னான்களும் தலைமுறையாக வாய்மொழியிற் காத்துவரும் மூலிகையறிவில் ஏட்டில் ஏறாத பகுதியை எந்த மென்பொருளும் தானே படித்துவிட இயலாது. முதியவர் ஒருவர் மறைந்தால் ஒரு நூலே மறைகிறது. அதனை எழுதுவோரும் அவர்தம் இசைவு பெற்று, அவர்தம் பெயரோடு எழுதுதல் முறை. இட்டி அச்சுதனின் பெயரும் சான்றுரையும் முந்நூறு ஆண்டுகளுக்கு முன்னரே அச்சில் இடம்பெற்றன அன்றோ?

வடபுலத்தில் வாழும் நம்மவர்க்கும் இதில் ஒரு பாடம் உண்டு. சங்கபுஷ்பி என்று கேரளத்தில் கேட்டால் நமது சங்குப்பூச் செடியையே காட்டுவர். வடநாட்டிலோ அப்பெயர் பெரும்பாலும் வேறொரு சிறு செடியைக் குறிக்கும். ஆதலின் வீட்டு மருந்தை எழுதி வைப்போர், ஊர்ப்பெயரோடு தாவரவியற் பெயரையும் சேர்த்து எழுதுக. இயன்றால் இலையின் படமும் வைக்க. நாளை நம் பிள்ளைகள் படிப்பினும், இயந்திரம் படிப்பினும், பொருள் பிறழாது நிற்க அதுவே வழி.