சம்சாரம் என்பதற்கு அத்தாட்சி

வடுகபட்டியில் வியாழனும் ஞாயிறும் பூண்டுச் சந்தை. கொடைக்கானல் மலையிலிருந்து பூம்பாறைப் பூண்டும் மன்னவனூர்ப் பூண்டும் வந்து இறங்கும். அந்த இரண்டு நாளும் ஊரே மூட்டையும் கமிஷன் கடையுமாகக் கிடக்கும். என்னைத் தேடி ஒருத்தரும் வர மாட்டார்கள். மற்ற நாட்களில் வருவார்கள். மனு எழுதுவது, பத்திரம் எழுதுவது, வில்லங்கம் போட்டுக் கொடுப்பது என் பிழைப்பு. கொஞ்ச காலமாக அதோடு இன்னொரு வேலையும் சேர்ந்துகொண்டது. மாப்பிள்ளை அமெரிக்காவிலோ கனடாவிலோ இருப்பார், பெண் இங்கே இருக்கும். அந்தப் பெண்ணை அவரிடம் அனுப்பி வைக்கத் தேவையான காகிதங்களைச் சேர்த்துக் கொடுக்க வேண்டும்.

அமெரிக்கக் கேஸ் என்றால் மாப்பிள்ளை முதலில் ஐ-130 போடுவார். அது தேறினால் டிஎஸ்-260. பிறகு மெடிக்கல், மதுரை பாஸ்போர்ட் அலுவலகம் தருகிற போலீஸ் சான்று, மாப்பிள்ளையின் வருமானக் கணக்கு, கடைசியில் மும்பையில் நேர்காணல். பட்டியலைப் பார்த்து யாரும் பயப்பட வேண்டியதில்லை. ஒரு காகிதம் சொல்வதை இன்னொரு காகிதமும் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். எங்கள் பக்கத்தில் அதுதான் நடக்காது.

1990களில் பிறந்த பெண்ணின் பிறப்புச் சான்றை எடுங்கள். பெயர் இருக்க வேண்டிய கட்டம் காலியாக இருக்கும். ஆஸ்பத்திரியில் பிறந்த கையோடு பதிந்துவிடுகிறார்கள். நாம் பெயர் வைப்பதோ குலதெய்வம் கோயிலில் முடி இறக்கும்போது. திரும்பப் போய்ப் பெயரைச் சேர்க்க யாருக்கு ஞாபகம் இருக்கும்? 1969 சட்டத்தின் கீழ் வந்த விதிகள் பெயர் சேர்க்க 15 வருஷம் அவகாசம் கொடுத்தன. அதற்குப் பிறகும் பல தடவை நீட்டித்தார்கள். அப்படியும் காலிக் கட்டத்தோடு வருகிறவர்கள் இருக்கிறார்கள். அடுத்து மாவட்டம். தேனி மாவட்டம் பிறந்தது 1997 ஜனவரி 1. அதற்கு முன் பிறந்தவர்களுக்கு ‘மதுரை மாவட்டம், பெரியகுளம் தாலுகா’. பள்ளிச் சான்றில் மதுரை, பாஸ்போர்ட்டில் பெரியகுளம் என்று ஒரே பிள்ளை இரண்டு இடத்தில் பிறந்திருக்கும். பிறகு இனிஷியல். நமக்கு ஒரு எழுத்து போதும். அமெரிக்கர்களுக்குக் குடும்பப் பெயர், சொந்தப் பெயர் என்று இரண்டு கட்டம். இரண்டில் ஒன்றில் எல்லாவற்றையும் அடைத்துவிட்டால் அமெரிக்க விசாவில் பெயருக்குப் பதில் எஃப்.என்.யு. என்று அச்சடித்து வரும். முதற்பெயர் தெரியவில்லை என்று அர்த்தமாம். பெற்றவர்கள் பார்த்துப் பார்த்து வைத்த பெயர்.

இதையெல்லாம் உட்கார்ந்து திருத்தும்போது எனக்கு ஒரு கேள்வி வரும். ஒருத்தியை ஒருத்தனுடைய சம்சாரம் என்று நிரூபிக்க எப்போதிலிருந்து காகிதம் தேவைப்பட்டது?

எங்கள் ஊரில் தேவைப்பட்டதில்லை. கல்யாணம் என்பது பந்தலில் இருந்தவர்கள் பார்த்தது. எழுத்தில் இருப்பது மொய் நோட்டு மட்டும். கோடு போட்ட நீள நோட்டில் மஞ்சள் தடவி, பிள்ளையார் சுழி போட்டு, ஊர், பெயர், தொகை என்று வரிசையாக எழுதி, ராத்திரி கூட்டிப் பார்த்து இரண்டு பேர் கையெழுத்துப் போடுவார்கள். நாற்பது வருஷம் கழித்தும் அதை எடுத்து வைத்துத்தான் திருப்பிச் செய்வோம். கல்யாணம் நடந்தது என்பதற்கு அதைவிடப் பலத்த சாட்சி கிடையாது. இருநூறு முந்நூறு பேர் காசு கொடுத்துச் சொன்ன சாட்சி. ஆனால் எந்தத் தூதரகத்துப் பட்டியலிலும் மொய் நோட்டுக்கு இடம் கிடையாது. பிறப்பு இறப்பை எழுத 1899இலேயே சென்னை மாகாணத்தில் சட்டம் வந்தது. கிராம முன்சீப் எழுதினார். கல்யாணத்தை எழுத அவரிடம் நோட்டு இல்லை. கேட்கவும் ஆள் இல்லை.

முதலில் கேட்டது கப்பல் இறங்குகிற ஊர்க்காரன்தான். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

தென்னாப்பிரிக்காவில் போர்ட் எலிசபெத் நகரத்தில் ஹசன் இசோப் என்று ஒருவர் இருந்தார். இந்தியாவுக்கு வந்து பாய் மரியம் என்ற பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டு, பிறகு அந்த அம்மாளை அங்கே அழைத்தார். துறைமுகத்து அதிகாரி இறங்க விடவில்லை. வழக்கு கேப் மாகாண உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. 1913 மார்ச் 14 அன்று நீதிபதி சியர்ல் தீர்ப்புச் சொன்னார். பல தாரத்துக்கு இடம் கொடுக்கிற மதத்தின் முறைப்படி நடந்த கல்யாணத்தை இந்த நாட்டுச் சட்டம் கல்யாணமாக ஏற்காது, எனவே இந்தப் பெண்ணுக்கு மனைவி என்ற உரிமையில் நுழைய முடியாது. வழக்கு ஒரு முஸ்லிம் குடும்பத்தினுடையது. அடி விழுந்தது எல்லோருக்கும். கிறிஸ்தவ முறைப்படி நடந்தோ, அந்த நாட்டில் பதிந்தோ இருந்தாலொழிய இந்து, முஸ்லிம், பார்சி யாருடைய தாலியும் நிக்காஹும் செல்லாது என்றாகிவிட்டது. ஒரே நாளில் அந்த நாட்டு இந்தியப் பெண்களில் பெரும்பாலோர் யாருக்கும் மனைவி இல்லை. பிள்ளைகளுக்குச் சொத்துரிமை உண்டா என்பதே கேள்வியானது.

அதுவரை காந்தி பெண்களைச் சிறைக்கு அழைத்ததில்லை. இப்போது அழைத்தார். கஸ்தூர்பா சிறை போனது எல்லோருக்கும் தெரியும். அதற்கு அடுத்து நடந்ததைத்தான் நான் முக்கியமாக நினைக்கிறேன். ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து பதினொரு பெண்கள் கிளம்பினார்கள். ஏறக்குறைய எல்லோரும் தமிழ்ப் பெண்கள். சிலர் இடுப்பில் கைக்குழந்தை. நியூகாசிலுக்குப் போய் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களிடம் பேசினார்கள். சுரங்கம் நின்றது. பெண்களுக்கு மூன்று மாதம் கடுங்காவல். அந்த 1913 போராட்டத்தில் சிறை போனவர்களில் ஒருத்திதான் வள்ளியம்மை, தில்லையாடியைப் பூர்வீகமாகக் கொண்ட குடும்பம். சிறையிலிருந்து காய்ச்சலோடு வெளியே வந்து 1914 பிப்ரவரி 22 அன்று இறந்தாள். வயது 16. அவளைப் பற்றிப் பள்ளிக்கூடத்தில் படிக்கிறோம். மூன்று பவுன் தலைவரி நினைவிருக்கும். போராட்டத்தின் கோரிக்கைகளில் கல்யாணம் செல்லுபடி ஆவதும் ஒன்று என்பதைப் பாடப்புத்தகங்கள் ஒரு வரியில் தாண்டிவிடுகின்றன. 1914இலேயே இந்தியர் நிவாரணச் சட்டம் வந்தது. தலைவரி போனது. ஒரு தாரம் இருந்தால் அந்தக் கல்யாணம் செல்லும், அவளையும் மைனர் பிள்ளைகளையும் அழைத்துக்கொள்ளலாம், கல்யாணத்தைப் பதிந்தும் கொள்ளலாம் என்றது சட்டம். ஒரு கணவன், ஒரு மனைவி, ஒரு சான்றிதழ். இன்றைக்கு நான் நிரப்புகிற படிவத்துக்கு அதுதான் பாட்டன்.

இலங்கைக்குப் போனவர்களுக்குக் கேள்வி வேறு மாதிரி வந்தது. மண்டபம் முகாமில் வைத்துத் தடுப்பூசி போட்டு, தனுஷ்கோடியில் கப்பலேற்றிய காலத்தில் பாஸ்போர்ட்டும் இல்லை, விசாவும் இல்லை. சுதந்திரம் வந்தது, காகிதமும் வந்தது. 1948இல் தோட்டத் தமிழர்களின் குடியுரிமை போனது. 1949இல் இந்திய பாகிஸ்தானியக் குடியிருப்பாளர் சட்டம் போட்டு, வேண்டுமானால் மனுப் போடு என்றார்கள். கல்யாணமாகாதவனுக்குப் பத்து வருஷக் குடியிருப்பு, கல்யாணமானவனுக்கு ஏழு. சலுகை மாதிரித் தெரியும். கல்யாணமானவனுடைய சம்சாரமும் மைனர் பிள்ளைகளும் இலங்கையிலேயே தொடர்ந்து இருந்திருக்க வேண்டும் என்று அடுத்து ஒரு நிபந்தனை. பன்னிரண்டு மாதத்துக்கு மேல் ஒரேயடியாக வெளியே இருந்துவிட்டால் தொடர்ச்சி அறுந்தது. நம் வீட்டுப் பெண் தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்து, பிள்ளை தவழ்கிற வரைக்கும் இருந்துவிட்டுப் போனால் கதை முடிந்தது. மாதக்கணக்கு எழுதி வைத்தவர் யார்? எட்டு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்காக மனுக்கள் போயின. 1,34,000 பேருக்குச் சற்றுக் கூடுதலாகத்தான் கிடைத்தது. மிச்சப் பேரைப் பங்கு போட 1964இல் சாஸ்திரியும் சிறிமாவோவும் உட்கார வேண்டியதாயிற்று. இங்கே வந்தவர்கள் குடும்ப அட்டை ஒன்றோடு வந்தார்கள். யார் யாருக்கு என்ன உறவு என்று சொல்ல அந்த ஒரு அட்டைதான்.

இத்தனைக்கும் உள்நாட்டில் நம் சட்டம் வேறு சண்டையில் இருந்தது. ஐயர் இல்லாமல், தீ இல்லாமல் செய்த சுயமரியாதைத் திருமணம் செல்லுமா? 1950களில் சென்னை உயர் நீதிமன்றம் செல்லாது என்றது. அண்ணா முதலமைச்சராகி 1967இல் இந்துத் திருமணச் சட்டத்தில் 7-ஏ பிரிவைச் சேர்த்து, நடந்ததும் செல்லும், நடக்கப்போவதும் செல்லும் என்றார். மாலை மாற்றினால் போதும், மோதிரம் போட்டால் போதும், தாலி கட்டினால் போதும். நல்ல சட்டம். அதிலும் பதிவு கட்டாயமில்லை.

வெளிநாட்டான் சந்தேகம் மட்டும் வளர்ந்துகொண்டே போனது. லண்டனில் 1979 ஜனவரியில் நடந்ததை எழுதவே கூசுகிறது. வருங்காலக் கணவனைக் கல்யாணம் செய்யப் போன 35 வயது இந்திய ஆசிரியை ஒருவரை ஹீத்ரோ விமான நிலையத்தில் கன்னியா என்று மருத்துவரை வைத்துச் சோதித்தார்கள். செய்தி வெளியானதும் இந்திய அரசு கண்டித்தது, அந்தச் சோதனையை நிறுத்தினார்கள். இந்தியாவிலிருந்த பிரிட்டிஷ் அலுவலகங்களிலும் குறைந்தது 80 பெண்களுக்கு அப்படி நடந்திருந்தது என்பது 2011இல் பழைய கோப்புகளிலிருந்து தெரியவந்தது. அமெரிக்கா 1917இல் நம்மை மொத்தமாகத் தடுத்து, 1946இல் வருஷத்துக்கு நூறு பேர் என்று கதவை ஒருக்களித்து, 1965இல்தான் நன்றாகத் திறந்தது. குடும்பம் சேர்வதற்கு முதலிடம் என்றது அந்தச் சட்டம். விசாவுக்காகப் பொய்க் கல்யாணம் செய்கிறார்கள் என்று 1986இல் ஒரு திருத்தம். அதனால்தான் கல்யாணமாகி இரண்டு வருஷம் நிறையாமல் போகிற பெண்ணுக்கு முழு கிரீன் கார்டு கிடைக்காது. இரண்டு வருஷ நிபந்தனை அட்டை. மாப்பிள்ளைக்கு இவ்வளவு சம்பளம் இருக்க வேண்டும், இவளைச் சர்க்கார் தலையில் கட்ட மாட்டேன் என்று எழுதிக் கொடுக்க வேண்டும் என்பது 1996 சட்டத்தால் வந்தது. படிவத்தில் ஒவ்வொரு கட்டத்துக்குப் பின்னாலும் எப்போதோ எவனோ சந்தேகப்பட்ட கதை ஒன்று இருக்கிறது.

இந்தச் சந்தேகத்துக்கு நம் கல்யாண ஆல்பம் சரியாகப் பதில் சொல்வதில்லை. மணவறையில் பையனும் பெண்ணும் இடையில் ஒரு ஆள் நிற்கிற இடைவெளி விட்டு, சிரிக்காமல் நிற்பார்கள். ட்ரோன் வைத்து எடுத்த படத்தில் முகமே தெரியாது. பெரியப்பா, சித்தி, தாய்மாமன் எல்லோரும் சூழ நிற்கிற குடும்பப் படத்தைத்தான் நான் முதலில் வைக்கச் சொல்வேன். இரண்டு பக்கத்து உறவும் ஒரே படத்தில் இருப்பது லேசில் செய்ய முடியாத மோசடி.

நம் சர்க்கார் விழித்துக்கொண்டது ரொம்பப் பிந்தி. 2006 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் எல்லா மதத்துக் கல்யாணத்தையும் பதியச் சட்டம் செய்யுங்கள் என்றது. தமிழ்நாட்டுச் சட்டம் 2009இல் வந்தது. 90 நாளுக்குள் பதிய வேண்டும். தவறினால் கூடுதல் கட்டணத்தோடு இன்னும் 60 நாள். சட்டம் வந்ததால் எங்கள் ஊர் சார்பதிவாளர் அலுவலகம் போகப் பழகியது என்று நான் நம்பவில்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளை விசாவுக்கு அலைந்ததைப் பார்த்துப் பழகியது.

இப்போது என்னிடம் அதிகம் வருவது புதுப் பெண்கள் இல்லை, அவர்களுடைய மாமியார் வயதுக்காரர்கள். மகன் அமெரிக்கக் குடிமகன் ஆகி அப்பா அம்மாவை அழைக்கிறான். அம்மாவுக்கு அவனுடைய பிறப்புச் சான்று போதும். பெற்றவள் யார் என்பதில் அவர்களுக்குச் சந்தேகமில்லை. அப்பாவை அழைக்கத்தான் அந்த அம்மாவும் அப்பாவும் கல்யாணம் செய்துகொண்டதற்குச் சான்று வேண்டும். சென்ற மாதம் ஒரு தம்பதி வந்தார்கள்.

“என்னைக்கு ஆத்தா கல்யாணம்?”

“மாயத்தேவர் ஜெயிச்சாருல்ல தம்பி, அதுக்கு அடுத்த வெள்ளிக்கிழமை. பந்தலு பூரா அதே பேச்சுதான்.”

அவர் ஜெயித்த திண்டுக்கல் இடைத்தேர்தல் 1973 மே 20, ஞாயிற்றுக்கிழமை. அப்படியென்றால் 25-05-1973. ஆதாரில் அம்மாவின் வருஷம் 1957. கல்யாணத்தன்று 16 வயது நிறைந்திருக்குமா என்பதே சந்தேகம். பெண்ணின் கல்யாண வயதை 18 ஆக்கியது 1978இல்தான், அன்றைக்கு 15 போதும் என்று சார்பதிவாளரிடம் சட்டத்தைப் பிரித்துக் காட்டக் கையோடு எடுத்துப் போனேன். பந்தலில் இருந்து, இன்றும் உயிரோடு இருக்கிற இரண்டு பேரைத் தேடிப் பிடித்துச் சாட்சி போட வைத்தோம். சான்று கையில் வந்த பிறகு மகனிடம் போனில் கேட்டேன், ஒரே மனுவாகப் போடலாமா என்று. முடியாதாம். பெற்றோர் விஷயத்தில் ஒருவரோடு ஒருவர் ஒட்டிப் போகச் சட்டத்தில் இடமில்லை. அப்பாவுக்கு ஒரு மனு, அம்மாவுக்கு ஒரு மனு, இரண்டு கட்டணம்.