வரலாற்றில் பெரும் பனிப்புயல்கள்: ஓர் ஒப்பாய்வு

டில்லியில் மார்கழி பிறந்தால் பல் தந்தியடிக்கிறது. ரஜாயை இழுத்துப் போர்த்திக்கொண்டு, "இந்த வருஷம் குளிர் ரொம்ப ஜாஸ்தி" என்று வருஷா வருஷம் சொல்லிக்கொள்கிறோம். ஆனால் பனிப்புயலை நேரில் பார்த்தவர்கள் நம்மில் எத்தனை பேர்? நியூயார்க்கிலோ டொராண்டோவிலோ பனி கொட்டுகிறது என்று செய்தி வந்ததும், அங்கிருக்கும் பிள்ளைக்குப் போன் போட்டு, "வெளியே எங்கும் போகாதேப்பா" என்கிறோம். அதோடு நம் கவலையும் முடிந்தது, நம் அறிவும் முடிந்தது.

"தாத்தா, உலகத்திலேயே பெரிய பனிப்புயல் எது?" என்று என் பேத்தி ஒருநாள் கேட்டாள். ஒரு வரியில் சொல்லிவிடலாம் என்று நினைத்துப் புத்தகங்களைப் புரட்டினேன். ஒரு புத்தகம் 1888 என்றது. இன்னொன்று 1993 என்றது. மற்றொன்று 1972 என்றது. மூன்றும் பொய்யில்லை, மூன்றுக்கும் எடைக்கல் வேறு. அந்த எடைக்கற்களைப் பற்றியதுதான் இக்கட்டுரை.

எது பனிப்புயல்?

தமிழில் புல்நுனியில் நிற்பதும் பனி, காலையில் கண்ணை மறைப்பதும் பனி, ஊட்டியில் உறைவதும் பனி, இமயத்தில் கொட்டுவதும் பனி. வெப்ப நாட்டுக்காரர்களாகிய நமக்கு ஒரு சொல் போதுமானதாக இருந்திருக்கிறது. பனி கொட்டும் நாட்டில் அது போதாது.

வானிலிருந்து பனி விழுவது பனிப்பொழிவு. மலைச்சரிவில் சேர்ந்த பனி பிய்த்துக்கொண்டு கீழே வருவது பனிச்சரிவு. பனிப்புயலுக்கோ காற்று வேண்டும். அமெரிக்க வானிலைத் துறையின் இலக்கணப்படி, மணிக்கு 56 கிலோமீட்டருக்குக் குறையாத காற்று, 400 மீட்டருக்கு அப்பால் ஒன்றும் தெரியாத நிலை, இவை குறைந்தது 3 மணி நேரம் நீடிக்க வேண்டும். புதிதாகப் பனி விழ வேண்டிய அவசியம்கூட இல்லை. தரையில் கிடக்கும் பனியைக் காற்று வாரி இறைத்தாலே போதும். ஆளைக் கொல்வது பெரும்பாலும் பனியின் உயரமல்ல. காற்றும், குளிரும், திசை தெரியாமல் போவதும்தான்.

மதிப்பெண் போடும் அளவுகோல்

சூறாவளிகளுக்குத் தர எண் இருப்பதுபோலப் பனிக்கும் ஒன்று வேண்டும் என்று அமெரிக்காவில் பால் கோசின், லூயி உச்செலினி என்ற இரு வானிலை அறிஞர்கள் 2004இல் ஓர் அளவுகோலை வெளியிட்டார்கள். அதைச் சுருக்கமாக 'நெசிஸ்' என்பார்கள். 4, 10, 20, 30 அங்குலப் பனி எவ்வளவு பரப்பில் விழுந்தது, அந்தப் பரப்பில் எத்தனை மக்கள் வாழ்கிறார்கள் என்று பார்த்து மதிப்பெண் போடுவது அதன் முறை. 10க்கு மேல் போனால் அது உச்சமான 5ஆம் வகை.

இந்தக் கணக்கில் 1993 மார்ச் 12 முதல் 14 வரை அடித்த புயல் 13.20 பெற்றது. 1996 ஜனவரிப் புயல் 11.78 பெற்றது. 1993 புயலை 'நூற்றாண்டின் புயல்' என்றே அழைக்கிறார்கள். கியூபா தொடங்கிக் கனடா வரை அதன் கை நீண்டது. சுமார் 300 பேர் இறந்தார்கள்.

நல்ல அளவுகோல்தான், குறை சொல்வதற்கில்லை. ஆனால் அது காற்றை நிறுப்பதில்லை, குளிரை நிறுப்பதில்லை. அமெரிக்காவின் வடகிழக்குப் பகுதிக்காகச் செய்யப்பட்டது என்பதால் மற்ற நாட்டுப் புயல்கள் அந்தத் தராசில் ஏறவே முடியாது. கடையில் இருக்கும் சரக்கை மட்டும் எண்ணிவிட்டு ஊரில் உள்ள சரக்கே இவ்வளவுதான் என்று சொல்ல முடியுமா?

ஒரே ஆண்டில் இரண்டு பாடங்கள்

1888ஆம் ஆண்டு அமெரிக்காவுக்கு இரண்டு பனிப்புயல்களைக் கொடுத்தது. முதலாவது ஜனவரி 12 அன்று. நெப்ராஸ்கா, டகோட்டா, மின்னசோட்டா புல்வெளிப் பகுதிகளில் அன்று காலை குளிர் விட்டு இதமாக இருந்தது. பல பிள்ளைகள் கனமான மேலங்கி இல்லாமலே பள்ளிக்குப் போனார்கள். பள்ளி விடும் நேரத்துக்குப் புயல் சுவர்போல வந்து மோதியது. இறந்தவர்கள் 235 பேர் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. வீட்டுக்குப் புறப்பட்ட குழந்தைகள் அவர்களில் ஏராளம். ஆகவே அதற்குப் 'பள்ளிக்கூடப் பனிப்புயல்' என்றே பெயர் நிலைத்துவிட்டது. அப்போது வானிலைப் பணி ராணுவத்தின் கையில் இருந்தது. எச்சரிக்கை கிராமங்களுக்கு உரிய நேரத்தில் போய்ச் சேரவில்லை.

இரண்டாவது அதே ஆண்டு மார்ச் 11 முதல் 14 வரை, நியூயார்க் பக்கம். நகரில் விழுந்த பனி 21 அங்குலம்தான். ஆனால் காற்று அதை வாரிக் குவித்து வீடுகளை மூடியது. 400 பேருக்கு மேல் மாண்டார்கள். அவர்களில் சுமார் 200 பேர் நியூயார்க் நகரத்தில் மட்டும். கடலில் சுமார் 200 கப்பல்கள் சேதமாகி, 100 மாலுமிகள் போனார்கள். முன்னாள் செனட்டர் ராஸ்கோ காங்க்லிங் வண்டி கிடைக்காமல் புயலில் நடந்தே போய், நோயில் விழுந்து, ஏப்ரலில் இறந்தார். தந்திக் கம்பங்கள் சாய்ந்துவிட்டதால், பக்கத்தில் இருக்கும் பாஸ்டனுக்கு நியூயார்க்கிலிருந்து செய்தி அனுப்பக் கடலடிக் கம்பி வழியாக லண்டனைச் சுற்ற வேண்டியிருந்தது!

அந்தப் புயலுக்குப் பிறகுதான் கம்பிகளைப் பூமிக்கடியில் புதைக்கும் வேலை மும்முரமானது. ரயிலையும் பூமிக்கடியில் விட வேண்டும் என்ற எண்ணம் வலுத்தது. 1897இல் பாஸ்டனிலும் 1904இல் நியூயார்க்கிலும் சுரங்க ரயில் ஓடியது. பனி உயரத்தில் முதலிடம் இல்லாவிட்டாலும், பாடம் கற்பித்ததில் 1888க்கே முதலிடம் தருவேன்.

உயிர்க் கணக்கில் முதலிடம்

இறந்தவர்களை எண்ணினால் வரிசை தலைகீழாகிறது. 1972 பிப்ரவரி 3 முதல் 9 வரை ஈரானில் அடித்த பனிப்புயலில் சுமார் 4000 பேர் மாண்டார்கள். உலகிலேயே அதிக உயிர்களைக் கொன்ற பனிப்புயல் என்று பதிவாகியிருப்பது இதுதான். நான்கு வருஷ வறட்சிக்குப் பிறகு வந்த பனி அது. முதல் நாள் அந்தக் குடியானவர்கள் சந்தோஷப்பட்டுக்கூட இருப்பார்கள். தெற்கே சில இடங்களில் பனி 8 மீட்டர் வரை ஏறியது. அதாவது இரண்டு மாடி வீடு முழுவதும் மறையும் உயரம். கிராமம் கிராமமாகப் புதைந்தது. கக்கான், குமார் என்ற கிராமங்களில் ஒருவர்கூடப் பிழைக்கவில்லை. பனிக்குள் இருப்பவர்கள் எப்படியாவது தோண்டிக்கொண்டு மேலே வந்தால் சாப்பிடட்டும் என்று ஹெலிகாப்டரிலிருந்து ரொட்டியும் பேரீச்சம்பழமும் போட்டார்கள்.

இரண்டாமிடம் 1719க்கு. நார்வேயைப் பிடிக்கப் போன சுவீடன் படையின் ஒரு பிரிவு, மன்னர் 12ஆம் சார்லஸ் இறந்த செய்தி வந்ததும், தளபதி ஆர்ம்ஃபெல்ட் தலைமையில் ஜனவரியில் மலை தாண்டித் திரும்பியது. டைடல் மலைப்பகுதியில் புயல் பிடித்துக்கொண்டது. கந்தலான உடை, அரை வயிற்றுச் சோறு. துப்பாக்கிக் கட்டைகளை எரித்துக் குளிர் காய்ந்தார்கள். சுமார் 3000 வீரர்கள் மலையிலேயே விறைத்துப் போனார்கள். இதில் புயலின் பங்கு எவ்வளவு, மன்னரின் பேராசையின் பங்கு எவ்வளவு என்று யார் பிரித்துச் சொல்வது?

மூன்றாவது ஆப்கானிஸ்தான், 2008. ஜனவரி, பிப்ரவரியில் 900க்கு மேற்பட்டோர் இறந்தார்கள். பனியில் கருகிய கைகால்களை வெட்டி எடுக்க வேண்டி வந்தவர்கள் பலர்.

நம் பக்கத்துப் புயல்கள்

ஈரானையும் ஆப்கானிஸ்தானையும் எங்கோ தூரத்து தேசம் என்று நினைக்க வேண்டாம். மத்தியதரைக் கடல் பக்கம் புறப்படும் மேற்கத்திய காற்றுச் சலனம் ஈரான், ஆப்கானிஸ்தான் வழியாக வந்து காஷ்மீரில் பனியாகக் கொட்டுகிறது. அதன் மிச்சம்தான் டில்லியில் தை மாதத்து மழை. நாம் பகோடா சாப்பிட்டுக்கொண்டு ஜன்னல் வழியாக ரசிக்கும் மழைக்கு மலைமேல் வேறு முகம்.

2005 பிப்ரவரியில் ஜம்மு–ஸ்ரீநகர் சாலை பனியால் மூடிக்கிடந்தது. காரிபாவ்லிக்கு வர வேண்டிய என் அக்ரூட் மூட்டைகள் லாரியோடு நின்றுவிட்டன. வட்டி எத்தனை, லாரி வாடகை எத்தனை என்று நான் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். அப்போதுதான் வால்டெங்கு நார் என்ற கிராமம் பத்திரிகையில் வந்தது. இன்றைய குல்காம் மாவட்டத்தில் இருக்கிறது. பலநாள் கொட்டிய பனி சரிந்து விழுந்து, அந்த ஒரு கிராமத்திலேயே 150க்கு மேற்பட்டோர் புதைந்தார்கள். சுனாமி நடந்து இரண்டு மாதம்கூட ஆகாத நேரம். ஆகவே 'பனி சுனாமி' என்றார்கள். என் கணக்கு நோட்டை மூடி வைத்தேன். நானும் தப்பான தராசில்தானே நிறுத்துக்கொண்டிருந்தேன்!

1996 ஆகஸ்டில் அமர்நாத் யாத்திரையில், குளிர்காலம் அல்லாத நேரத்தில், மழையும் பனியும் சேர்ந்து அடித்ததில் சுமார் 240 யாத்ரீகர்கள் இறந்தார்கள். நிதீஷ் சென்குப்தா குழு விசாரித்து, யாத்ரீகர் எண்ணிக்கைக்கு வரம்பு வேண்டும் என்றது. 2014இல் விசாகப்பட்டினத்தில் கரையேறிய ஹுட்ஹுட் புயலின் ஈரம் இரண்டே நாளில் நேபாளத்தின் அன்னபூர்ணா மலைப்பாதையில் பனியாக இறங்கி 43 பேரையாவது கொன்றது. மலையேறிகள் மட்டுமல்ல, வழிகாட்டிகளும் யாக் மேய்ப்பவர்களும் அதில் அடக்கம்.

எண்ணாமல் விட்ட உயிர்கள்

எல்லாப் பட்டியலிலும் ஒரு குறை எனக்கு உறுத்துகிறது. ஆப்கானிஸ்தானில் 2008இல் மாண்ட கால்நடைகள் மூன்று லட்சத்துக்கு மேல். மங்கோலியாவில் புல்வெளியைப் பனி மூடி மந்தைகள் பட்டினியால் மடியும் கொடுமைக்கு 'ட்ஸுட்' என்று பெயர். 2009–10 குளிர்காலத்தில் அங்கே 80 லட்சத்துக்கு மேற்பட்ட ஆடு, மாடு, குதிரைகள் செத்தன. ஒரே புயல் அல்ல, ஒரு முழுக் குளிர்காலம். ஆனாலும் 80 லட்சம்! மந்தை போனபின் மேய்ப்பவன் நகரத்து ஓரத்தில் கூலிக்காரனாகிறான். ஓரறிவு முதல் ஐயறிவு வரை உயிர்களை எண்ணப் பழகிய சமண மரபில் பிறந்த என்னால் இவற்றை 'பொருட்சேதம்' என்ற தலைப்பில் எழுத முடியவில்லை.

தரவரிசை

எங்கள் மரபில் அநேகாந்தம் என்று ஒரு கொள்கை உண்டு. ஒரு பொருளுக்குப் பல பக்கம்; ஒரு பக்கத்தைப் பார்த்துவிட்டு 'இதுவே முழுசும்' என்று சாதிக்கக்கூடாது. அதன்படி என் வரிசை இது:

1. மனித உயிரிழப்பில்: ஈரான், 1972.
2. பரப்பும் பாதித்த மக்கள்தொகையும் சேர்ந்த கணக்கில்: அமெரிக்கா, 1993.
3. குழந்தைகள் பட்ட துயரத்தில்: அமெரிக்கப் புல்வெளி, 1888 ஜனவரி.
4. உலகம் கற்ற பாடத்தில்: நியூயார்க், 1888 மார்ச்.
5. வாயில்லா ஜீவன்களின் அழிவில்: மங்கோலியா, 2009–10.

இதில் முதல் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 1993 புயல் கோடிக்கணக்கானவர்கள் மேல் அடித்தது. சுமார் 300 பேர் போனார்கள். ஈரானில் சிதறிக்கிடந்த கிராமங்கள், 4000 பேர். 1993இல் ஐந்து நாள் முன்பே வானிலைத் துறை சொல்லிவிட்டது. பனி விழும் முன்பே அவசரநிலை அறிவித்த மாநிலங்களும் உண்டு. ஈரானின் மலைக்கிராமங்களுக்கு அப்படிச் சொல்ல ஆளில்லை, தோண்டி எடுக்கச் சாலையுமில்லை. பனி இரண்டு இடத்திலும் பனிதான். வித்தியாசம் முன்கூட்டிச் சொல்வதிலும், சொன்னதைக் கேட்பதிலும் இருக்கிறது.

ஆகவே, பிள்ளைகள் குளிர்நாட்டில் இருக்கும் பெற்றோர்களே, போனில் "வெளியே போகாதே" என்பதோடு இன்னும் மூன்று வார்த்தை சேர்த்துச் சொல்லுங்கள். கார் பனியில் மாட்டிக்கொண்டால் இறங்கி நடக்காதே. என்ஜினை ஓடவிடும் முன் புகைக்குழாயை மூடிய பனியை அகற்று. இல்லாவிட்டால் நச்சுப்புகை உள்ளேயே தங்கி ஆளைக் கொன்றுவிடும். இதயக் கோளாறு உள்ளவர்கள் மண்வாரியை எடுத்துப் பனி அள்ள வேண்டாம். அப்படிப் போன உயிர்கள் ஒவ்வொரு புயலிலும் உண்டு.

பேத்திக்கு ஈரான் என்று பதில் சொன்னேன். "அங்கே முன்னாடியே யாரும் சொல்லலையா தாத்தா?" என்று கேட்டாள். இத்தனை புத்தகம் புரட்டி நான் வந்து சேர்ந்த இடத்துக்கு அவள் ஒரே கேள்வியில் வந்துவிட்டாள்.