சிங்கப்பூர் ரயில் காரிடார்

சிங்கப்பூர் ரயில் காரிடார், தஞ்சோங் பகாரில் தொடங்கி உட்லண்ட்ஸ் வரை தீவைத் தெற்கு வடக்காகக் கடக்கும் 24 கி.மீ. நடைவழி. 2011 ஜூன் வரை மலேசிய ரயில்கள் ஓடிய தடம் இது. இன்று நடப்பவர்களுக்கும் சைக்கிள் ஓட்டுபவர்களுக்கும் உரியது. காவிரிப் படுகையிலிருந்து கப்பலேறிய தமிழர் வரலாற்றோடு தொடர்புடையது என்பதால் தமிழ் வாசகருக்கு இதில் கூடுதல் அக்கறை உண்டு.

சிங்கப்பூரில் முதல் ரயில் 1903இல் டேங்க் சாலைக்கும் கிராஞ்சிக்கும் இடையே ஓடியது. 1923இல் கடல்பாலம் வழியாக ஜொகூருடன் இணைப்புக் கிடைத்தது. நகருக்குள் சாலைகளைக் குறுக்கிட்டுச் சென்ற பழைய பாதையைக் கைவிட்டு, புக்கிட் தீமாவிலிருந்து தெற்கே புதிய தடம் போட்டார்கள். அதன் முனையமாக 1932இல் தஞ்சோங் பகார் நிலையம் திறக்கப்பட்டது. வேளாண்மை, வணிகம், தொழில், போக்குவரத்து ஆகியவற்றைக் குறிக்கும் நான்கு பளிங்கு உருவங்கள் அதன் முகப்பில் நிற்கின்றன. செதுக்கியவர் இத்தாலியச் சிற்பி ஆஞ்சலோ வன்னெட்டி.

இந்த ரயில்வேயில் உழைத்தவர்களில் தமிழர் மிகுதி. அவர்கள் புறப்பட்ட காவிரிப் படுகையில், கிரேட் சதர்ன் ஆஃப் இந்தியா ரயில்வே 1861இல் நாகப்பட்டினத்திலிருந்து தஞ்சாவூருக்கும் மறு ஆண்டு திருச்சிக்கும் பாதை திறந்தது. நெல்லும் சரக்கும் துறைமுகம் சேரப் போட்ட அந்தப் பாதையிலேயே ஆட்களும் நாகப்பட்டினம் வந்து மலாயாவுக்குக் கப்பலேறினார்கள். எல்லோரும் ரப்பர் தோட்டத்துக்குப் போய்விடவில்லை; தண்டவாளம் போடவும் பராமரிக்கவும் போனவர்கள் கணிசம். குவீன்ஸ்வே அருகே தண்டவாள ஓரத்தில் 1932இல் ரயில்வே தொழிலாளர்கள் ஒரு சிறு குடிலில் முனீஸ்வரனை வைத்துக் கும்பிட்டார்கள். பிறகு காமன்வெல்த் டிரைவுக்கு இடம்பெயர்ந்து பெரிய கோயிலாக எழுந்திருக்கும் ஸ்ரீ முனீஸ்வரன் ஆலயத்தின் தொடக்கம் அதுதான். காரிடாரைப் பற்றிப் பேசும்போது நிலையக் கட்டடங்களையும் பாலங்களையும் சொல்பவர்கள், அதே அளவுக்கு இந்தக் கோயிலையும் சொல்ல வேண்டும்.

நிலத்துக்குப் பஞ்சமான ஒரு நாட்டில் இத்தனை நீளமான நிலம் துண்டுபடாமல் தப்பியது எப்படி? பதில் பட்டாவில் இருக்கிறது. 1918ஆம் ஆண்டுச் சட்டப்படி ரயில்வே நிலம் மலாய் மாநிலங்களின் ரயில்வேக்குக் கைமாறியது. 1965இல் சிங்கப்பூர் தனி நாடானபோது அது அண்டை நாட்டுச் சொத்தாகிவிட்டது. இருபுறமும் அடுக்குமாடிகள் எழுந்தாலும் தண்டவாளத்தை ஒட்டிய நிலத்தில் சிங்கப்பூர் கைவைக்க முடியவில்லை. 1990இல் இந்த நிலம் பற்றி இரு நாடுகளும் ஒப்பந்தம் போட்டன. அந்த ஒப்பந்தத்துக்கு என்ன பொருள் என்ற தகராறு இருபது ஆண்டு நீண்டு, 2010 மே மாதம்தான் தீர்ந்தது. ரயில் நிலத்துக்கு ஈடாக மெரினா சவுத், ஓஃபிர்–ரோச்சோர் பகுதிகளில் வேறு நிலம் தரப்பட்டது. நகரத் திட்டமிடலின் மகிமை என்று காரிடாரைப் புகழ்வது வழக்கம். பாதிப் புகழ் அந்தத் தகராறுக்கே சேரும்.

2011 ஜூன் 30 இரவு, தஞ்சோங் பகாரிலிருந்து கடைசி ரயிலை ஜொகூர் சுல்தான் இப்ராஹிம் தாமே ஓட்டிச் சென்றார். பின்னர் தண்டவாளத்தின் பெரும்பகுதி பெயர்த்தெடுக்கப்பட்டது. தடத்தை முழுசாகப் பசுமை வழியாக வைத்துக்கொள்ளுங்கள் என்று சிங்கப்பூர் இயற்கைச் சங்கம் 2010லேயே கேட்டிருந்தது. பொதுமக்களும் சேர்ந்துகொண்டார்கள், அரசும் இணங்கியது. புக்கிட் தீமா வட்டாரத்தின் இரும்புப் பாலங்கள் இரண்டும் அப்படியே நிற்கின்றன. புக்கிட் தீமாவின் சிறு நிலையத்தில், ஒற்றைப் பாதையில் போக அனுமதியாகச் சாவி டோக்கனை வளையத்தில் கோத்து ஓட்டுநரிடம் கொடுத்து வாங்கும் பழைய முறை கடைசி வரை இருந்தது. நம் ஊர் மீட்டர் கேஜ் பாதைகளில் நிலைய அதிகாரி பிளாட்பாரத்தில் நின்று டோக்கன் வளையத்தை நீட்டியதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அந்த நிலையம் சீரமைக்கப்பட்டு 2022 ஜூலையில் மக்களுக்குத் திறக்கப்பட்டது.

காவிரிப் படுகையில் கதை வேறு. மூடிய பாதைகளில் சில ரயில் பாதைகளாகவே திரும்பிவிட்டன: நீடாமங்கலம்–மன்னார்குடி 2011இல், திருத்துறைப்பூண்டி–அகஸ்தியம்பள்ளி 2023இல். உப்புக்கும் நெல்லுக்கும் கோயில் கூட்டத்துக்கும் ரயில் இன்னும் தேவைப்படும் நாடு இது. திரும்பாமல் கிடப்பது மயிலாடுதுறை–தரங்கம்பாடி தடம். 1926இல் வந்து 1986இல் நின்றது, சுமார் 30 கி.மீ. செம்பனார்கோயில், ஆக்கூர், திருக்கடையூர், பொறையாறு எனப் போய் டேனிஷ் கோட்டை இருக்கும் கடற்கரையில் முடிந்த பாதை. அறுபதாம் கல்யாணத்துக்குத் திருக்கடையூர் வரும் குடும்பங்கள் இன்று பஸ்ஸையும் காரையும் நம்பியிருக்கின்றன.

இந்த வட்டார மக்கள் கேட்பது ரயிலைத்தான், நடைவழியை அல்ல. அந்தக் கோரிக்கை நியாயமானது. ஆனால் ரயில் வந்தாலும் நடைவழி வந்தாலும் தடம் தொடர்ச்சியாக இருந்தாக வேண்டும். ஓரிடத்தில் வீடு, ஓரிடத்தில் சாலை என்று துண்டுபட்டுவிட்டால் பிறகு எந்த ஒப்பந்தத்தாலும் ஒட்ட முடியாது. எஞ்சியிருக்கும் ரயில்வே நிலத்தை அளந்து கல் நட்டு வைப்பதே இப்போது செய்ய வேண்டிய முதல் வேலை.