கையெழுத்துப் போடுவது யார்?

பாகிஸ்தானில் திருநங்கையருக்காக உச்ச நீதிமன்றத்தின் படியேறியவர் ஒரு இஸ்லாமியச் சட்ட அறிஞர் என்றால் என் வயதுக்காரர்கள் பலர் நம்ப மாட்டார்கள். 2009-ல் நடந்தது அது. சரித்திரப் பாடத்தில் தட்சசீலம் என்று படித்தோமே, அந்த டாக்ஸிலாவில், கல்யாண வீட்டில் ஆடிவிட்டு வந்த ஒரு குழுவைப் போலீஸ் பிடித்துத் துன்புறுத்தியதாகப் புகார் எழுந்தது. டாக்டர் அஸ்லம் காக்கி என்ற அந்த வழக்கறிஞர் மனுப் போட்டார். இவர்களும் குடிமக்கள்தான், சொத்தும் மரியாதையும் இவர்களுக்கும் உண்டு என்று நீதிமன்றம் சொன்னது. அடையாள அட்டையில் தனிப் பிரிவும் வந்தது.

அங்கே இவர்களைக் குவாஜா சிரா என்பார்கள். முகலாயர் அரண்மனையில் அந்தப்புரத்தையும் கஜானாவையும் பார்த்துக்கொண்ட அதிகாரிகளின் பட்டம் அது. பிறகு வெள்ளைக்காரன் வந்தான். 1871-ம் வருஷத்துக் குற்றப் பரம்பரைச் சட்டத்தை நாம் கள்ளர், மறவர் கதையாகத்தான் அறிவோம். அதன் இரண்டாம் பகுதி முழுக்க இவர்களைப் பற்றியது. பெயர்களைப் பதிவேட்டில் ஏற்ற வேண்டும். பெண் உடையில் பொது இடத்தில் ஆடினால் கைது. உயில் எழுத முடியாது, பிள்ளையைத் தத்தெடுக்கவும் முடியாது.

நான் வருவாய்த் துறையில் முப்பது வருஷத்துக்கு மேல் குப்பை கொட்டியவன். சாதிச் சான்று, வாரிசுச் சான்று, வருமானச் சான்று என்று போட்ட கையெழுத்துக்குக் கணக்கில்லை. அதனால் பதிவேடு என்றாலே என் கண் அங்கே போய்விடும். ஒரு பெயரை எதற்காக எழுதுகிறார்கள், யார் சொல்லி எழுதுகிறார்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

மதத் தலைவர்கள் விஷயத்துக்கு வருகிறேன். 2016 ஜூனில் லாகூரைச் சேர்ந்த ஓர் அமைப்பின் 50 மௌலவிகள் சேர்ந்து ஒரு ஃபத்வா கொடுத்தார்கள். ஆண் அடையாளம் வெளியே தெரியும் திருநர், பெண் அடையாளம் தெரியும் திருநரை மணக்கலாம். பெற்றோர் சொத்தில் பங்கு மறுப்பது பாவம். அவர்களைக் கேலி செய்வது ஹராம். இறந்தால் முழு மார்க்க முறைப்படி அடக்கம். சட்டப்படி யாரையும் கட்டுப்படுத்தாது என்றாலும், பிணத்தைப் புதைக்கக்கூட இடம் தேட வேண்டியிருந்தவர்களுக்கு இது சின்ன விஷயமில்லை. ஆனால் "அடையாளம் வெளியே தெரியும்" என்ற சொல்லைக் கவனியுங்கள். இரண்டு அடையாளமும் உள்ளவருக்குக் கல்யாணமே கிடையாது என்றும் அதே ஃபத்வா சொன்னது.

2018 மே மாதம் பாராளுமன்றம் ஒரு சட்டம் போட்டது. ஒருவர் தன்னை எப்படி உணர்கிறாரோ அப்படியே அரசு பதிந்துகொள்ள வேண்டும், டாக்டர் சீட்டு வேண்டாம். உலகத்தில் பல பணக்கார நாடுகளே துணியாத சட்டம். மூன்று வருஷம் பெரிய சத்தமில்லை. 2021-ல் ஜமாஅத்தே இஸ்லாமி செனட்டர் முஷ்தாக் அகமது கான் திருத்த மசோதா கொண்டுவந்தார். மருத்துவக் குழு பார்த்துச் சொல்லட்டும் என்பது அதன் சாரம். 2022 செப்டம்பரில் அது தெருவுக்கு வந்தது. ஆணும் ஆணும் கல்யாணம் செய்துகொள்ள இது கள்ள வழி என்று மேடை மேடையாகப் பேசினார்கள். பாலின விவரத்தை மாற்றக் கேட்டவர்கள் இத்தனை ஆயிரம் பேர் என்று ஒரு கணக்கையும் காட்டினார்கள். பதிவேட்டோடு வாழ்ந்தவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன்: ஆணைப் பெண்ணென்றும் பெண்ணை ஆணென்றும் எழுத்தர் தப்பாக எழுதி, திருத்தக் கேட்டு வந்த மனுக்களை நான் கட்டுக்கட்டாகப் பார்த்திருக்கிறேன். அதைக் கழிக்காமல் எந்த எண்ணையும் நம்பக் கூடாது.

எதிர்ப்பக்கமும் சும்மா இருக்கவில்லை. 2022 நவம்பர் 20 அன்று கராச்சியில் திருநர்கள் 'சிந்து மூரத் மார்ச்' என்று பேரணி நடத்தினார்கள். மிரட்டல்களுக்கு நடுவில் பகலில் கூடி நின்றார்கள்.

2023 மே 19 அன்று மத்திய ஷரியத் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. அவர்களுக்குக் கண்ணியமும் கல்வியும் மருத்துவமும் தர வேண்டும் என்று ஒப்புக்கொண்டது. ஆனால் தானாக உணர்வதை வைத்துப் பாலினம் தீர்மானிக்க முடியாது என்று முக்கியமான பிரிவுகளை ரத்து செய்தது. வாரிசுரிமைப் பிரிவும் அதில் போனது. பழைய ஃபிக்ஹு நூல்களில் இருபால் உடலோடு பிறந்தவருக்குச் சொத்துப் பங்கு எப்படி என்று தனி அத்தியாயமே உண்டு. அந்தப் பிறவி வேறு, இந்த உணர்வு வேறு என்பது எதிர்த்தவர்களின் வாதம். தீர்ப்பை எதிர்த்து மேல்முறையீடு போயிருக்கிறார்கள்.

ஃபத்வாவையும் தீர்ப்பையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், இரக்கம் காட்டுவதில் இரண்டுக்கும் தயக்கமில்லை. பிணத்துக்கு மரியாதை, பசிக்குச் சோறு, கேலிக்குத் தடை, எல்லாம் சரி. "நான் யார் என்று நானே சொல்கிறேன்" என்றால் மட்டும் கை இறுகிவிடுகிறது. தானம் கொடுக்கிற கைக்கு, கையெழுத்தைக் கொடுக்க மனம் வராது. இதில் பாகிஸ்தானைக் குறை சொல்ல நமக்கும் பெரிய யோக்கியதை இல்லை. இங்கே 2016 மசோதாவில் மாவட்டப் பரிசோதனைக் குழு என்று எழுதியிருந்தார்கள். போராட்டம் நடந்த பிறகுதான் 2019 சட்டத்தில் அது போனது. அப்போதும் அடையாளச் சான்றுக்கு மாவட்ட ஆட்சியரிடம்தான் போக வேண்டும் என்று வைத்தார்கள்.

ஒரு பெயரைச் சொல்லி முடிக்கிறேன். ராணி கான் என்ற திருநங்கை 2020-ல், இஸ்லாமாபாத் ஓரத்தில், தன் சேமிப்பைப் போட்டு இரண்டு அறையில் ஒரு மதரஸா தொடங்கினார். தன்னைப் போன்றவர்களுக்குக் குர்ஆன் ஓதச் சொல்லிக் கொடுக்கிறார். மற்ற இடங்களில் தங்களை ஒதுக்குகிறார்கள் என்பதால் தொடங்கியது. மதத் தலைவர் என்றால் நாம் தாடியையும் தலைப்பாகையையும் நினைக்கிறோம். இவரையும் அந்த வரிசையில் சேர்த்துக்கொள்ளலாம் என்பது என் கட்சி. அதற்கு யாருடைய சான்றிதழும் தேவையில்லை.