உப்பில்லாத சோறு: ஜோம்பிச் சிரிப்பின் வரலாறு குறித்துச் சில குறிப்புகள்

1

செத்த பிணம் எழுந்து நடக்கிற படங்களைப் பார்த்து விழுந்து விழுந்து சிரிக்கிறவன் நான். வெளியே சொன்னால் தோழர்கள் முகம் சுளிக்கிறார்கள். 'நாட்டுல எவ்வளவோ பிரச்சினை இருக்கு, இதப்போயி எழுதணுமா?' என்றார் ஒரு நண்பர். எழுதணும் என்றுதான் நினைக்கிறேன். பயத்துக்கு அரசியல் உண்டு என்பதை நாம் ஒத்துக்கொண்டாயிற்று. பேய், முனி, காட்டேரி என்றால் உடனே சாதி, ஆதிக்கம், பெண்ணுடல் என்று பேச ஆரம்பித்துவிடுகிறோம். சிரிப்பு என்று வந்தால் மட்டும் 'சும்மா பொழுதுபோக்கு' என்று எழுந்து போய்விடுகிறோம். யார் சிரிக்கிறார்கள், யாரைப் பார்த்துச் சிரிக்கிறார்கள், சிரித்து முடித்த பிறகு தொண்டையில் என்ன சிக்குகிறது என்று கேட்பதில்லை.

ஒரு சம்பவம். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நண்பரின் அறையில் டெக் வாடகைக்கு எடுத்து இரவு முழுக்கப் படம் பார்ப்போம். ஒரு நாள் மாட்டிய கேசட், டான் ஓ'பானன் 1985இல் இயக்கிய 'தி ரிட்டர்ன் ஆஃப் தி லிவிங் டெட்'. மருத்துவக் கல்லூரிகளுக்குப் பிணமும் எலும்பும் சப்ளை செய்கிற ஒரு அமெரிக்கக் கிடங்கு. புதிதாக வேலைக்குச் சேர்ந்த பையன், இந்த எலும்புக்கூடெல்லாம் எங்கேயிருந்து வருகிறது என்று கேட்கிறான். சர்வதேச ஒப்பந்தம், எல்லாம் இந்தியாவிலிருந்துதான் என்கிறார் மூத்தவர். ஏன் இந்தியா? அது யாருக்குத் தெரியும். பல்வரிசை கொஞ்சமும் கெடாத கூடுகள் அங்கே எப்படிக் கிடைக்கிறது என்பதல்லவா கேள்வி என்கிறார். பண்ணை வைத்தே வளர்க்கிறார்களோ என்கிற அளவுக்குப் போகிறது பேச்சு.

அறையே அதிரச் சிரித்தோம். ஒருவன் மட்டும் சிரிக்கவில்லை. மருத்துவம் படித்துக்கொண்டிருந்தவன். 'என் கட்டிலுக்குக் கீழ ஒருத்தர் இருக்கார்டா' என்றான். சீனியரிடம் காசு கொடுத்து வாங்கிய எலும்பு செட். மண்டையோட்டுக்கு ஒரு நடிகர் பெயரை வைத்து, வாயில் சிகரெட் செருகி விளையாடியிருக்கிறார்கள். 'அவரு எந்த ஊரோ, என்ன வேலை பாத்தாரோ' என்றான். டேப் ஓடிக்கொண்டேயிருந்தது. யாரும் சிரிக்கவில்லை.

அந்த ஜோக் எங்கள் பக்கம் திரும்பிவிட்ட கணம் அது. இந்தக் கட்டுரை அங்கிருந்துதான் தொடங்குகிறது.

2

ஜோம்பி ஹாலிவுட்டில் பிறந்ததல்ல. அது ஹெய்ட்டியின் கரும்புக் காட்டில் பிறந்தது. ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்துவரப்பட்ட அடிமைகள் 1791இல் கிளர்ந்தெழுந்து, 1804இல் விடுதலை பெற்ற கறுப்பர் தேசம் அது. அடிமைக்குச் சாவு ஒரு வழி. செத்தால் உயிர் கடல் தாண்டி மூதாதையர் மண்ணுக்குத் திரும்பும் என்பது நம்பிக்கை. அந்த வழியையும் அடைத்துவிட்டால்? செத்த பிறகும் எழுப்பி மண்வெட்டியைக் கையில் கொடுத்துவிட்டால்? அதுதான் ஜோம்பி. ஹெய்ட்டிக்காரர்களின் பயம் 'ஜோம்பி வந்து நம்மைத் தின்றுவிடும்' என்பதல்ல. 'நம்மை ஜோம்பியாக்கிவிடுவார்கள்' என்பதே. இரண்டும் வேறு வேறு பயங்கள். முதலாவது ஆண்டையின் பயம், இரண்டாவது அடிமையின் பயம்.

1915 முதல் 1934 வரை அமெரிக்கப் படை ஹெய்ட்டியை ஆக்கிரமித்திருந்தது. சாலை போடுவதற்குக் கட்டாய உழைப்பு திரும்ப வந்தது. அந்தக் காலத்தில் அங்கே போன வில்லியம் ஸீப்ரூக் என்ற அமெரிக்கர் 1929இல் 'தி மேஜிக் ஐலண்ட்' என்ற புத்தகத்தை எழுதினார். கறுப்பர் வாழ்வைப் பரபரப்புச் சரக்காக்குகிற வெள்ளைப் பார்வைதான். ஆனால் அவர் கேட்டு எழுதிய ஒரு கதை அவரையும் மீறி நிற்கிறது. அமெரிக்க முதலீட்டில் நடந்த சர்க்கரைக் கம்பெனிக்கு ஒருவன் ஒரு கூட்டம் ஜோம்பிகளை வேலைக்கு ஓட்டி வருகிறான். கூலியை அவன் வாங்கிக்கொள்கிறான். ஜோம்பிகளுக்கு அவன் மனைவி உப்பில்லாமல் ஆக்கிப்போடுகிறாள். உப்பு நாக்கில் பட்டால் தாங்கள் செத்தவர்கள் என்பது அவர்களுக்குத் தெரிந்துவிடும். ஒரு திருவிழா நாளில் அவள் மனசு இளகி மிட்டாய் வாங்கிக் கொடுக்கிறாள். மிட்டாயிலிருந்த கடலையில் உப்பு. அவ்வளவுதான். ஓலமிட்டபடி எல்லோரும் மலையை நோக்கி, தங்கள் ஊருக்கு, தங்கள் புதைகுழிக்கு நடக்கிறார்கள்.

நடந்ததா, கட்டுக்கதையா என்பது எனக்கு முக்கியமில்லை. 'நீ சோத்துல உப்புப் போட்டுத்தான் திங்கிறியா?' என்று நம் ஊரில் கேட்கிறோமே, அந்தக் கேள்வி இந்தக் கதைக்குள் அப்படியே இருக்கிறது. உப்பு என்றால் சுரணை. சுரணை வந்துவிட்டால் கரும்பு வெட்ட ஆளில்லை.

என் வாதம் இதுதான்: நல்ல ஜோம்பி நகைச்சுவையில் சிரிப்பு அந்த உப்பின் வேலையைச் செய்கிறது. மோசமான படத்தில் அது ஜோம்பிக்குப் போடுகிற உப்பில்லாத சோறு.

3

விக்டர் ஹால்பெரின் இயக்கிய 'ஒயிட் ஜோம்பி' 1932இல் வந்தது. பேலா லுகோசி ஆலை முதலாளி. செக்கு போன்ற ராட்சத இயந்திரத்தைச் செத்தவர்கள் தள்ளிச் சுற்றுகிறார்கள். ஒருவன் உள்ளே விழுகிறான். யாரும் நிற்பதில்லை, சக்கரம் கிறீச்சிட்டபடி சுற்றுகிறது. என் ஆட்கள் வேலை நேரம் கூடுதல் என்று கவலைப்படுவதில்லை என்று முதலாளி பெருமைப்படுகிறார். சிரிப்புப் படமல்ல, ஆனால் எல்லா ஜோம்பி ஜோக்குகளுக்கும் விதை இந்தக் காட்சியில் இருக்கிறது. அதற்குப் பிறகு படம் ஆலையை மறந்துவிட்டு, ஒரு வெள்ளைப் பெண்ணைக் காப்பாற்றக் கிளம்பிவிடுகிறது. அடிமையின் பயம் ஆண்டையின் பயமாக மாறுகிற இடம் இது.

சிரிப்பு 1940இல் நுழைகிறது. 'தி கோஸ்ட் பிரேக்கர்ஸ்' படத்தில் ஜோம்பி என்றால் யார் என்று விளக்குகிறார் ஒருவர்: சுய சித்தம் கிடையாது, கண் செத்துப்போயிருக்கும், சொன்னதைச் செய்யும். ஓ, ஜனநாயகக் கட்சிக்காரன் மாதிரியா என்கிறார் பாப் ஹோப். ரூஸ்வெல்ட் ஆட்சிக்காலம், தியேட்டர் சிரித்திருக்கும். ஆனால் அந்தப் படத்தில் ஜோம்பியாக நடித்தவரைக் கவனியுங்கள். நோபிள் ஜான்சன். 1916இல், கறுப்பர்களே கறுப்பர்களைக் கண்ணியமாகக் காட்ட வேண்டும் என்று லிங்கன் மோஷன் பிக்சர் கம்பெனியைத் தொடங்கியவர்களில் ஒருவர். அவருக்கு ஹாலிவுட் கொடுத்த பாத்திரம் வாய் பேசாத பிணம். பயந்து நடுங்கிச் சிரிப்புக்காட்டும் வேலைக்காரன் பாத்திரம் வில்லி பெஸ்ட் என்ற இன்னொரு கறுப்பருக்கு. ஜோக் சொல்லும் உரிமை வெள்ளைக் கதாநாயகனுக்கு.

அடுத்த ஆண்டு வந்த 'கிங் ஆஃப் தி ஜோம்பீஸ்' மலிவான படம். மான்டன் மோர்லண்ட் அதில் வேலைக்காரன். கண்ணை உருட்டுகிற, பயந்து ஓடுகிற அதே பாத்திரம்தான். ஆனால் ஓரிடத்தில் அவனை வசியம் பண்ணி ஜோம்பி என்று நம்பவைத்துவிடுகிறார்கள். அவன் போய் ஜோம்பி வரிசையில் நிற்கிறான். தள்ளிக்குங்கப்பா, நானும் இப்ப உங்க ஆளுதான் என்கிற தோரணையில் ஒரு வசனம் பேசுகிறான். எனக்குப் பிடித்த காட்சி. வேலைக்காரனுக்கும் ஜோம்பிக்கும் நடுவில் பெரிய தூரமில்லை, ஒரு அடி நகர்ந்தால் போதும் என்பதை அந்த நடிகன் உடம்பால் சொல்லிவிடுகிறான். ஆதிக்கப் பிரதிக்குள்ளேயே இப்படி ஒரு சிட்டிகை உப்பு.

4

1968இல் ஜார்ஜ் ரொமேரோ ஆண்டையையே தூக்கிவிட்டார். 'நைட் ஆஃப் தி லிவிங் டெட்' படத்தில் பிணங்களை எழுப்ப மந்திரவாதியோ முதலாளியோ இல்லை. இரவு முழுக்கப் போராடித் தப்பித்த கறுப்புக் கதாநாயகனை, விடிந்ததும் பிணம் என்று நினைத்து வெள்ளைக் கும்பல் சுட்டுவிடுகிறது. 1978இல் வந்த 'டான் ஆஃப் தி டெட்'டில் பிணங்கள் பென்சில்வேனியாவின் ஒரு பிரம்மாண்ட வணிக வளாகத்துக்குள் அலைகின்றன. ஏன் இங்கே வருகின்றன? ஞாபகம், அவற்றின் வாழ்க்கையில் இது முக்கியமான இடமாக இருந்திருக்கிறது. மோட்டார் சைக்கிள் கும்பல் பிணங்களின் முகத்தில் கிரீம் பை அடிக்கிறது. பழைய ஊமைப்பட வேடிக்கைதான். ஆனால் சிரித்துக்கொண்டிருக்கும்போதே அடிக்கிறவன்மேல் வெறுப்பும் அடிபடுகிற பிணத்தின்மேல் இரக்கமும் வந்துவிடுகிறது.

இனி அந்த 1985ஆம் ஆண்டுப் படத்துக்குத் திரும்பலாம். 'இந்தியாவிலிருந்து' என்ற ஜோக் கற்பனையல்ல. உலகத்தின் மருத்துவக் கல்லூரிகளுக்கு எலும்புக்கூடு ஏற்றுமதி செய்வதில் இந்தியாதான் முன்னணியில் இருந்தது, கல்கத்தா மையம். காலனிய மருத்துவக் கல்வியோடு வளர்ந்த வியாபாரம். படம் வெளியான அதே 1985இல்தான் இந்திய அரசு இந்த ஏற்றுமதியைத் தடை செய்தது. பிறகும் மேற்கு வங்கத்தில் திருட்டுத்தனமாக நடந்து பிடிபட்டது. யாருடைய எலும்புகள் அவை? எரிக்க விறகு வாங்க முடியாதவர்கள், கேட்க நாதியற்றவர்கள். எடுத்துச் சுத்தம் செய்தவர்கள் யார்? பிணத்தைத் தொடும் வேலை எந்தச் சாதிகளின் தலையில் கட்டப்பட்டதோ அவர்கள். 'செத்தும் கொடுத்தான் சீதக்காதி' என்று வள்ளலைப் புகழ்கிறோம். கொடுக்கச் சம்மதமா என்று யாரும் கேட்காமலேயே செத்தும் கொடுத்தவர்களுக்குப் பழமொழி இல்லை.

படம் இதையெல்லாம் தெரிந்து செய்ததா? தெரியவேண்டிய அவசியமில்லை. இதே படத்தில் பாதி உடம்பாகக் கட்டிவைக்கப்பட்ட ஒரு பிணத்திடம், ஏன் மூளையைத் தின்கிறீர்கள் என்று கேட்கிறார்கள். வலி என்கிறது, செத்திருப்பதன் வலி, அழுகுவது தெரிகிறது என்கிறது. கடைசியில், எலும்பு ஜோக் சொன்ன அந்த மூத்த தொழிலாளியே பிணமாகிக்கொண்டிருப்பதை உணர்கிறார். கல்யாண மோதிரத்தைக் கழற்றி வைத்துவிட்டு, தானே எரியுலைக்குள் ஏறிக்கொள்கிறார். உப்பைத் தின்ற ஜோம்பி தன் குழிக்கு நடந்த கதை, இங்கே ஓர் அமெரிக்கக் கிடங்குத் தொழிலாளியின் கதையாகத் திரும்ப வருகிறது.

5

2004இல் எட்கர் ரைட் இயக்கிய 'ஷான் ஆஃப் தி டெட்' லண்டனில் நடக்கிறது. ஷான் கடை ஊழியன். படத்தின் தொடக்கத்தில் பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள், பில் போடுகிறவர்கள் எல்லோரும் வெறித்த கண்ணோடு யந்திரமாய் இருக்கிறார்கள். இன்னும் யாரும் சாகவில்லை. ஊரே செத்து எழுந்த மறுநாள் காலை ஷான் அதே தெருவில் நடந்து, அதே கடைக்குப் போய் வருகிறான். ஒரு வித்தியாசமும் அவனுக்குத் தெரியவில்லை. ஒரே நடையை இரண்டு முறை காட்டுவதுதான் ஜோக். முடிவில் மிஞ்சிய ஜோம்பிகளுக்குக் கடையில் தள்ளுவண்டி தள்ளும் வேலை கிடைக்கிறது. 1932இன் ஆலைச் சக்கரம் 2004இல் தள்ளுவண்டியாகிவிட்டது. 2006இல் வந்த கனடாப் படமான 'ஃபிடோ' நேராகவே சொல்கிறது: கழுத்தில் பட்டை மாட்டிய ஜோம்பிகளை ஒரு கம்பெனி வீட்டு வேலைக்காரர்களாக விற்கிறது. கியூபாவில் அலெஹாந்த்ரோ ப்ருகேஸ் 2011இல் எடுத்த 'ஹுவான் ஆஃப் தி டெட்'டில் அரசுத் தொலைக்காட்சி பிணங்களை அமெரிக்காவிடம் காசு வாங்கிய எதிர்ப்பாளர்கள் என்கிறது. ஹுவானோ, உங்கள் அன்புக்குரியவர்களைக் கொன்றுதருகிறோம் என்று போன் வைத்துத் தொழில் தொடங்கிவிடுகிறான். சோசலிசத்தின் அலுத்த வாய்ப்பாடு, முதலாளியத்தின் சுறுசுறுப்பு இரண்டையும் ஒரே கையால் அடிக்கிறது படம். நம் தோழர்கள் அவசியம் பார்க்கவேண்டியது.

இவற்றுக்கு எதிரில் 2009இல் வந்த 'ஜோம்பிலேண்ட்' படத்தை வைக்கிறேன். நானும் சிரித்தேன், மறுக்கவில்லை. ஆனால் அங்கே செத்தவனுக்குப் பெயரில்லை, வேலையில்லை, ஞாபகமில்லை. விதவிதமாகக் கொல்வதற்குப் போட்டி நடக்கிறது. சுடுவதற்கு உரிமம் பெற்ற இலக்கு, அவ்வளவுதான். யாரைக் கொன்றாலும் குற்றவுணர்வில்லை என்று சிரிக்கப் பழக்குகிற படம் எந்த ராணுவத்துக்கும் உதவும். உப்பில்லாத சோறு என்று நான் சொன்னது இதைத்தான்.

6

மருத்துவ நண்பன் படிப்பு முடிந்ததும் அந்த எலும்பு செட்டை ஜூனியருக்கு விற்கவில்லை. விற்பதுதான் வழக்கம், காசும் தேவையாயிருந்தது. ஊர் ஆற்றங்கரையில் கொண்டுபோய்ப் புதைத்துவிட்டதாகப் பிறகு சொன்னான். 'ஒரு பையில போட்டு பஸ்ல எடுத்துட்டுப் போனேன். பக்கத்து சீட்டுக்காரர் பைய மடியில வச்சுக்கவான்னு கேட்டார்' என்று சொல்லிச் சிரித்தான். நாங்களும் சிரித்தோம். அந்தச் சிரிப்பில் உப்பு இருந்தது.